பின்னணி டாஸ்க்கை யார் பிடித்து வைப்பது?

நொய்யல்கரை:
திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு பைத்தானில் ஜாப் ஒர்க் புரோகிராம் எழுதியிருக்கிறேன். சாயப்பட்டறைக்கு டி.சி. (துணியோடு போகும் டெலிவரி சலான்) போட்டதும், பட்டறைக்காரருக்குத் தகவல் அனுப்பும் வேலை அசிங்க்ஐஓ (பல வேலைகளை மாறி மாறி ஓட்டும் பைத்தான் நூலகம்) டாஸ்க்காகப் பின்னணியில் ஓடும். போன வாரம் சில டி.சி.க்குத் தகவல் போகவே இல்லை. துணி வண்டி வாசலில் நிற்கிறது, "எங்களுக்கு ஒண்ணும் வரலைங்களே" என்கிறார்கள். லாக்கைத் துழாவினால் 'டாஸ்க் வாஸ் டிஸ்ட்ராய்டு பட் இட் இஸ் பெண்டிங்' என்று ஒரு வரி. டாஸ்க்கைத் தொடங்கும் கிரியேட்_டாஸ்க் தந்ததை நான் எங்கேயும் பிடித்து வைக்கவில்லை. டாஸ்க்குகளை ஓட்டும் ஈவன்ட் லூப்பிடம் இருப்பது வீக் ரெஃபரன்ஸ் மட்டும்தான், அது டாஸ்க்கை நினைவகத்தில் பிடித்து வைக்காது. வேறு யாரும் பிடிக்காத டாஸ்க்கை, நினைவகத்தைச் சுத்தம் செய்யும் கார்பேஜ் கலெக்டர் பாதி ஓட்டத்திலேயே வாரிக்கொண்டு போகலாம். இனி எல்லாம் டாஸ்க்குகளைச் சேர்த்துப் பிடித்து வைக்கும் டாஸ்க்குரூப்தான். பைத்தான் 3.11 முதல் இருக்கிறதே.

பவர்டேபிள்:
அந்த முடிவு தப்புங்க. ஒரு செட்டில் (பைத்தான் தொகுப்பு) டாஸ்க்கைச் சேருங்கள், முடிந்ததும் ஓட வேண்டிய ஃபங்ஷனை (கால்பேக்) பதியும் ஆட்_டன்_கால்பேக் வழியாக எடுத்துவிடுங்கள். பைத்தான் ஆவணத்திலேயே இந்த வழி இருக்கிறது. டாஸ்க்குரூப் உள்ளே இருப்பதெல்லாம் முடியாமல் வெளியே விடாது. டி.சி. போடுகிறவர் அதுவரை திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டுமா? ஐந்து பட்டறைக்கு அனுப்பும்போது ஒன்றில் எக்ஸெப்ஷன் (பிழை) வந்தால், ஓடிக்கொண்டிருக்கும் மற்றவற்றையும் கேன்சல் செய்துவிடும்.

நொய்யல்கரை:
ஒவ்வொரு டாஸ்க்குள்ளும் பிழையைப் பிடிக்கும் ட்ரை-எக்ஸெப்ட் போட்டால் கேன்சல் ஆகாது. உங்கள் செட்டைப் பாருங்கள். சாயத்துக்குப் போன துணி திரும்பியதும் எடை போட்டுப் பார்க்காமல் நோட்டில் அடித்துவிடுவோமா? டாஸ்க் தோற்றதா ஜெயித்ததா என்று பார்க்காமல் நீங்கள் அடித்துவிடுகிறீர்கள்.

பவர்டேபிள்:
அது சரி, ஒத்துக்கொள்கிறேன். கால்பேக்கில் முதலில் கேன்சல்ட்() கேட்டு, இல்லையென்றால் மட்டும் எக்ஸெப்ஷன்() எடுத்து லாக்கில் எழுத வேண்டும். கேன்சல் ஆன டாஸ்க்கிடம் எக்ஸெப்ஷன்() கேட்டால் அதுவே கேன்சல்டுஎரர் வீசும். ஆனால் திரையை நிறுத்தி வைப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

காங்கேயத்தான்:
புரோகிராமை நிறுத்தும் நேரத்தை இரண்டு பேருமே விட்டுவிட்டீர்களே. புரோகிராமை டாக்கர் கன்டெய்னரில் ஓட்டினால், அதை நிறுத்த டாக்கர் ஸ்டாப் கொடுத்தால் வழக்கமாக 10 வினாடிதான், அப்புறம் கொன்றுவிடும். செட்டில் இருப்பதை அசிங்க்ஐஓ வெயிட்டிடம் 8 வினாடி டைம்அவுட்டோடு கொடுங்கள். காலிச் செட்டைக் கொடுத்தால் வேல்யூஎரர் வரும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தது ஒரு செட், முடியாதது ஒரு செட் என்று திருப்பித் தரும், எதையும் கேன்சல் செய்யாது. டைம்அவுட் ஆனால் கேன்சல் செய்வது வெயிட்_ஃபார். முடியாத டி.சி. எண்களை டேட்டாபேஸில் எழுதி, மறுபடி கிளம்பும்போது அனுப்புங்கள்.

நொய்யல்கரை:
அண்ணா, இது எனக்குத் தோன்றவே இல்லை. இன்றைக்கே சேர்க்கிறேன். பவர்டேபிள், குரூப்பை டி.சி. திரையில் திறக்கப் போவதில்லை. ஆப் தொடங்கும்போது ஒன்று திறந்து கடைசிவரை வைத்திருப்பேன், திரை அதற்குள் டாஸ்க்கை விட்டுவிட்டு உடனே திரும்பிவிடும்.

பவர்டேபிள்:
அப்படியென்றால் ஒரு டாஸ்க்கில் ட்ரை-எக்ஸெப்ட் விட்டுப்போனாலும் குரூப் முழுக்கக் கேன்சல் ஆகி, அதைத் திறந்த ஆப்பும் சேர்ந்து படுத்துவிடும். சீசன் நேரத்தில் அது தாங்காது. எனக்குச் செட்தான்.

நொய்யல்கரை:
அதனால்தான் டாஸ்க் விடுவதற்கு ஒரே ஒரு ஃபங்ஷன் வைக்கிறேன், ட்ரை-எக்ஸெப்ட் அதற்குள்ளேயே இருக்கும். அதைத் தவிர வேறு எங்கிருந்தும் குரூப்பைத் தொட விடமாட்டேன். நாளைக் காலை முதல் டி.சி. போகும்போது நானே பட்டறைக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.