காஸ்கேட் ஹாப்ஸ் கொடி நெஞ்சளவிலேயே பூத்துவிடுகிறது: காரணம் என்ன?

கேள்வி (பொள்ளாச்சி):
வணக்கம். பீருக்கு மணமூட்டும் காஸ்கேட் என்னும் ஹாப்ஸ் வகையின் வேர்த்தண்டு இரண்டைத் தை மாதம் சாளைக்குப் பின்னால் உள்ள கல்கால் பந்தலின் ஓரத்தில் நட்டேன். ஐந்தாறு மீட்டர் ஏறும் என்று படித்திருந்த கொடி, நெஞ்சளவு ஏறியதும் நின்று சித்திரையிலேயே பூத்துவிட்டது. மொத்தம் பதினோரு பூக்கள். ஒன்றைப் பிளந்தால் இதழடியில் மஞ்சள் தூளைப் போன்ற பொடி; விரலில் தேய்த்ததும் பம்பளிமாஸ் தோலைக் கிள்ளிய வாசம். ஆகவே வகையில் பிழையில்லை. தொழுவுரமும் சொட்டுநீரும் குறைவின்றிக் கொடுத்தேன். (தேநீரில் போடத்தான்; காய்ச்சுவதற்கன்று.)

பதில் (கோபி):
வெயில்தான் காரணமாக இருக்கும். நிழல்வலை கட்டிப் பாருங்கள்.

கேட்டவர்:
கட்டினேன், அண்ணா. இலை கரும்பச்சையானது; புதுத் தளிரும் அதே உயரத்தில் மொட்டு விட்டது.

பதில் (மேட்டுப்பாளையம்):
உரத்திலும் வெயிலிலும் தேட வேண்டாம். குறை பகல் நீளத்தில் இருக்கிறது. காஸ்கேட் 1972இல் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்திலிருந்து வெளியிடப்பட்ட வகை. அங்கே கோடையில் பகல் பதினைந்து மணி நேரத்தைத் தாண்டுவதால் கொடி பூக்காமல் ஏறிக்கொண்டே போய், பகல் குறையத் தொடங்கிய பிறகே பூக்கிறது. நமக்கோ ஆனி மாதத்திலும் பகல் பதின்மூன்று மணி நேரத்தை எட்டுவதில்லை என்பதால், சில கணுக்கள் விட்டதுமே பூக்கும் பருவம் வந்துவிட்டதாகக் கொடி எண்ணிக்கொள்கிறது. பசுமைக்குடிலில் சாமந்தி வளர்ப்போர் இரவில் விளக்கெரித்துப் பூப்பைத் தள்ளிப்போடுவது இதே கணக்குத்தான். புளோரிடாவில் ஹாப்ஸுக்கும் அப்படியே செய்கிறார்கள். பொழுது சாய்ந்ததும் நான்கு மணி நேரம் எல்இடி விளக்கு எரியட்டும். கொடி பந்தலின் உச்சியைத் தொட்டபின் அணைத்துவிடுங்கள். பறித்த பூவை நிழலில் உலர்த்திக் காற்றுப் புகாமல் உறைபெட்டியில் வையுங்கள். வெளியே கிடந்தால் சில வாரங்களில் பழைய பாலாடைக்கட்டி நாற்றம் அடிக்கும்.

ஒன்று: அருகில் பட்டத்து அவரை இருந்தால் விளக்கு வெளிச்சத்தில் அதுவும் பூக்காது.

கேட்டவர்:
அதே பந்தலின் மறுகோடியில் அம்மா ஆடியில் போட்ட அவரை ஏறிக்கொண்டிருக்கிறது, ஐயா. கொடியை வடக்கு வேலிக்கு மாற்றிவிட்டுத்தான் விளக்குக் கட்ட வேண்டும்.