7 கிலோ குறைந்த பிறகு அப்படியே நிற்கிறது, மனசும் விட்டுப்போச்சு. எப்படித் தொடர்கிறீர்கள்?

மீனா_கோவை:

வணக்கம். வயது 36, உயரம் 158 செ.மீ. பொங்கல் முடிந்து ஆரம்பித்தபோது 78 கிலோ இருந்தேன், சித்திரை கடைசிக்குள் 71-க்கு வந்துவிட்டேன். இப்போது ஆடி 18-ம் முடிந்துவிட்டது, இன்னும் அதே 71. ஒரு நாள் 70.4 காட்டும், சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் மறுநாள் 71.6. மிஷினில் ஏறி இறங்கியதும் அன்றைய மூடு முடிவாகிவிடுகிறது, பிள்ளைகள் மேல் எரிந்து விழுவது வரைக்கும்.

செய்வது பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் ரேஸ் கோர்ஸில் இரண்டு சுற்று, ஒரு சுற்று இரண்டரை கிலோமீட்டர் வரும். காபியில் சர்க்கரை கிடையாது. மதியம் சாதம் பாதி, பொரியல் கூட. இரவு எட்டு மணிக்குள் சாப்பாடு. முதல் மூன்று மாதம் இதெல்லாம் பாரமாகவே தெரியவில்லை, அலாரத்துக்கு முன்னாலேயே எழுந்துவிடுவேன். இப்போது ஆடிக்காற்றும் சாரலும் சேர்ந்துகொண்டால் போர்வையை விட்டு வெளியே வர மனசே இல்லை.

வீட்டில் யாரும் தடுப்பதில்லை, ஆனால் விடுவதும் இல்லை. சமையல் அத்தை பொறுப்பு. நான் ஆபீஸ் விட்டு வரும்போது அரிசி பருப்பு சாதத்தில் நெய் ஊற்றியே வைத்திருப்பார், வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும். சொந்தத்தில் ஒரு விசேஷத்துக்குப் போனால் "என்ன கண்ணு இப்படி எளச்சுப் போய்ட்ட, சுகர் கிகர் இருக்குதா?" என்கிறார்கள். இத்தனை மாதப் பாட்டுக்குக் கிடைத்த பாராட்டு இதுதான்!

இன்னொன்று, சாயங்காலம் தள்ளுவண்டிக் காளான் ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டால் 'இன்னைக்குத்தான் போச்சே' என்று இரவும் கணக்கில்லாமல் போகிறது, மறுநாள் நடையும் நின்றுவிடுகிறது. குறைத்த எடையை அப்படியே வைத்திருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள், ஆர்வம் போன பிறகு எதைப் பிடித்துக்கொண்டு போனீர்கள்? தயவுசெய்து மோட்டிவேஷன் வீடியோ மட்டும் அனுப்பாதீர்கள், என் போனில் அது நிறைய இருக்கிறது.

சேலத்துக்காரன்:

மீனா மேடம், முதலில் அந்த மிஷின் விஷயத்தை முடித்துவிடலாம். 70.4-க்கும் 71.6-க்கும் நடுவில் இருக்கும் 1.2 கிலோ கொழுப்பு கிடையாது. ஒரு கிலோ உடம்புக் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது, ராத்திரியோடு ராத்திரியாக அவ்வளவு கூடுதலாகச் சாப்பிட எந்தப் பந்தியிலும் முடியாது. அது தண்ணீர், உப்பு, வயிற்றில் இன்னும் இருக்கும் சாப்பாடு, அவ்வளவுதான். முதல் நாள் ஊறுகாய், அப்பளம், கடைச் சாப்பாடு என்று போயிருந்தால் காலையில் முள் ஏறித்தான் நிற்கும். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களிலும் பலருக்கு ஒரு கிலோ வரை கூடும், பிறகு தானாக இறங்கிவிடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆரம்பத்தில் கடகடவென்று இறங்கியதே, அதில் ஒரு பங்கும் தண்ணீர்தான். தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜன் என்று மாவுச்சத்தை உடம்பு சேமித்து வைத்திருக்கும், அதில் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாதத்தைப் பாதியாக்கியதும் முதலில் காலியாவது அதுதான். அந்த முதல் மாத வேகத்தை மனசில் வைத்துக்கொண்டு இப்போது பார்த்தால் எல்லாமே தோல்வியாகத்தான் தெரியும்.

நான் செய்வது இது. தினமும் எடை பார்ப்பேன், மாதக் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்திலேயே எழுதிவிட்டு நகர்ந்துவிடுவேன், நல்லதா கெட்டதா என்று யோசிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏழையும் கூட்டி ஏழால் வகுத்து ஒரு எண். அந்த எண்ணைப் போன வாரத்தோடுகூட ஒப்பிடுவதில்லை, நாலு வாரத்துக்கு முந்தைய எண்ணோடுதான். இதுவும் எரிச்சலாக இருந்தால் மிஷினைப் பரண் மேல் போட்டுவிட்டு மாதம் ஒரு தடவை இடுப்பு அளவு மட்டும் பாருங்கள். நம் ஆட்களுக்குப் பெண்கள் என்றால் 80 செ.மீ., ஆண்கள் என்றால் 90 செ.மீ. தாண்டினால் ஆபத்து என்கிறார்கள். எடை நிற்கும்போதும் இடுப்பு குறைவது உண்டு.

அப்புறம் ஒரு கணக்கு. 78-இல் 7 என்பது 9 சதவீதம். 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் மூன்றும் சரிவரத் தொடங்கும் என்று டாக்டர்கள் சொல்லும் கணக்கில் நீங்கள் ஏற்கெனவே நன்றாக உள்ளே இருக்கிறீர்கள். ஆடி வரைக்கும் அது திரும்பி ஏறாமல் இருப்பது சும்மா நடந்த காரியம் இல்லை. பலருக்கு இந்த இடத்தில்தான் 75-க்குத் திரும்பிப் போய்விடும்.

பேலியோ_பித்தன்:

சிஸ்டர், பாதி சாதம் கால் சாதம் என்று இழுத்துக்கொண்டிருந்தால் இப்படித்தான் நிற்கும். அரிசியை மொத்தமாக விடுங்கள். முட்டை, பன்னீர், பாதாம், கறி. இரண்டே வாரத்தில் மிஷின் பேசும். நான் அப்படித்தான் 12 கிலோ இறக்கினேன்.

தாராபுரம்_அக்கா:

பித்தன் தம்பி, நீங்கள் இறக்கினீர்கள், சந்தோஷம். உங்களுக்குச் சமைத்துப் போட்டது யார்? கூட்டுக் குடும்பத்தில் ஒரு மருமகள் தனக்கு மட்டும் பன்னீரும் பாதாமும் என்று ஆரம்பித்தால் எத்தனை நாள் ஓடும்? மேலே சேலத்துத் தம்பி சொன்ன தண்ணீர்க் கணக்கையும் ஒரு தடவை படியுங்கள், உங்கள் இரண்டு வாரத்தில் மிஷின் பேசுவது பெரும்பாலும் அதைத்தான்.

மீனா கண்ணு, ஆர்வத்தைத் தேடாதே, சமையலறைக்குள் பார். எண்ணெய்யில் தொடங்கு. எங்கள் வீட்டில் நாலு பேருக்கு மாதம் 5 லிட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிக்கு மேல், 300 கலோரிக்கும் அதிகம். நீ ரேஸ் கோர்ஸில் இரண்டு சுற்று வந்தால் 250 கலோரி செலவானால் பெரிய விஷயம். அப்படியென்றால் நீ விடியக்காலையில் எழுந்து கரைப்பது தாளிப்புக் கரண்டி வழியாகத் திரும்பி வந்துவிடுகிறது. நான் மாதம் பிறந்ததும் 3 லிட்டர் அளந்து ஒரு தூக்கில் ஊற்றி வைத்துவிடுவேன். அது தீர்ந்தால் அந்த மாதம் ஆவியில் வேகவைத்ததுதான், வீட்டில் யார் கேட்டாலும். முதல் மாதம் இருபத்தி சொச்சம் தேதியிலேயே தூக்கு காலி, நாலைந்து நாள் இட்லியும் கொழுக்கட்டையுமாக ஓடியது, ஒருத்தரும் செத்துப் போகவில்லை.

அத்தையிடம் "எனக்கு நெய் வேண்டாம்" என்று சொல்லாதே. அது அவர் கையை வேண்டாம் என்கிற மாதிரி போய்விடும். உன் வீட்டுக்காரருக்குக் கொலஸ்ட்ரால் ஒரு தடவை பார்த்துவிடு, நாற்பதை நெருங்கினால் எப்படியும் பார்க்க வேண்டியதுதான். கொஞ்சம் கூட இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால் வாய் திறந்து நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், மருமகளுக்காக மாறாத சமையல் மகனுக்காக ஒரே நாளில் மாறிவிடும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தால் நல்லதாகப் போச்சு, நெய்யைத் தனிக் கிண்ணத்தில் வைக்கச் சொல், அவரவர் ஊற்றிக்கொள்ளட்டும்.

இன்னொன்று யாரும் கணக்கில் எழுதாதது: பிள்ளைகள் தட்டில் மிச்சம். அரைத் தோசை, நாலு வாய் தயிர் சாதம், கடித்து வைத்த பஜ்ஜி. வீணாகப் போகுதே என்று தட்டை எடுத்துக்கொண்டு போகும் வழியிலேயே வாயில் போய்விடும், உட்கார்ந்து சாப்பிடாததால் சாப்பிட்டதாகவே ஞாபகம் இருக்காது. பிள்ளைகளுக்கு முதலில் அரைத் தோசை வை, கேட்டால் மறுபடி ஊற்றிக் கொடு.

எளச்சுப் போய்ட்ட என்று கேட்பவர்களிடம் "டாக்டர் குறைக்கச் சொன்னாருங்க" என்று ஒரு வரி. நம் ஊரில் அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள்.

ஸ்லிம்_லைஃப்_2:

மேம் இன்பாக்ஸ் வாங்க. காலையில் ஒரு ஷேக், இரவு ஒரு ஷேக், 30 நாளில் 10 கிலோ, கேரண்டி.

சேலத்துக்காரன்:

வந்துட்டாரு. மாடரேட்டர் கொஞ்சம் கவனியுங்கள்.

டூட்டி_நர்ஸ்:

சுகர் கிளினிக்கில் வேலை பார்க்கிறேன், தினமும் இந்தக் கேள்வியைக் கேட்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எடை நிற்பதற்குக் காரணம் உங்கள் மனசு இல்லை. 78 கிலோ உடம்பைத் தூக்கிக்கொண்டு நடந்ததற்கு ஆன செலவு 71 கிலோவுக்கு ஆகாது, சும்மா உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான். அதற்கு மேல், சாப்பாடு குறைந்தால் உடம்பும் சிக்கனமாக இருக்கப் பழகிக்கொள்ளும், நமக்கே தெரியாமல் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சம் அசைவு குறையும், பசியும் கூடும். பொங்கலுக்கு இறக்கத்தைக் கொடுத்த அதே சாப்பாடும் அதே இரண்டு சுற்றும் ஆடியில் அப்படியே நிறுத்தி வைக்க மட்டும்தான் சரியாக இருக்கும். இன்னும் இறங்க வேண்டும் என்றால் எதையாவது கொஞ்சம் மாற்ற வேண்டும், தாராபுரத்து அக்காவின் எண்ணெய்த் தூக்கு அதற்கு நல்ல இடம். கூடவே புரதம். முட்டை ஒன்றில் 6 கிராம் இருக்கிறது, இட்லியில் இரண்டு கிராம் வந்தால் அதிகம். கொள்ளு, சுண்டல், பச்சைப்பயறு எல்லாம் உங்கள் ஊர் வீட்டுச் சமையலில் இருப்பதுதான், கொள்ளுப் பருப்புக் கடைசல் இருக்கும் நாளில் சாதம் தானாகக் குறையும். முடிந்தால் வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்கிற பயிற்சி, நாற்காலியில் உட்கார்ந்து எழுவதாக இருந்தாலும் சரி. தைராய்டு ஒரு தடவை பார்த்துவிடுங்கள், மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இப்போது அந்தக் காளான் விஷயம். 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று எல்லா வீடியோவிலும் சொல்வார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் கூட இருந்தவர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு செயல் யோசிக்காமல் நடக்கிற அளவுக்கு வர சராசரியாக 66 நாள் ஆனது, ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் (12 வாரத்தைத் தாண்டிய எண்கள், அதுவரை பார்த்த போக்கை வைத்துக் கணித்தவை). தண்ணீர் குடிப்பது மாதிரி லேசானது சீக்கிரம் படியும், உடற்பயிற்சி நிறைய நாள் எடுக்கும். எனக்குப் பிடித்த பகுதி வேறு: நடுவில் ஒரு நாள் தவறியது கிட்டத்தட்ட எந்த வித்தியாசத்தையும் ஏற்படுத்தவில்லை. ஒரு தட்டுக் காளான் ஒரு தட்டுக் காளான்தான். அதற்குப் பிறகு வரும் நாலு தோசையும் மறுநாள் போகாத நடையும்தான் செலவு. அதனால் காளானை நிறுத்தச் சொல்ல மாட்டேன், வெள்ளிக்கிழமை என்று ஒரு நாளை அதற்குக் கொடுத்துவிடுங்கள், அன்று இரவு வழக்கமான சாப்பாட்டையே சாப்பிடுங்கள். பட்டினியும் வேண்டாம், பரிகாரமாக நாலு சுற்றும் வேண்டாம்.

மழைக்கு இப்போதே ஒரு ஏற்பாடு வேண்டும். விடியக்காலை ஐந்தரை மணிக்குப் போர்வைக்குள் இருந்துகொண்டு போகலாமா வேண்டாமா என்று யோசித்தால் யாராக இருந்தாலும் போர்வைதான் ஜெயிக்கும். தூறல் என்றால் மொட்டைமாடிப் படி பத்து நிமிடம், மதியம் ஆபீஸில் சாப்பிட்டதும் பத்து நிமிடம் என்று முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள்.

வைத்திருப்பவர்களைக் கேட்டீர்களே. அமெரிக்காவில் 1994-இல் இருந்து ஒரு பதிவேடு நடத்துகிறார்கள், குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஒரு வருடமாவது திரும்ப ஏறாமல் வைத்திருப்பவர்கள் சேரலாம். விருப்பப்பட்டுச் சேர்ந்தவர்கள் என்பதால் எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் குறைத்த வழி ஆளுக்கு ஒன்றாக இருந்தாலும் அவர்களில் பெரும்பாலோர் வாரத்துக்கு ஒரு தடவையாவது எடை பார்க்கிறார்கள், நிறைய நடக்கிறார்கள், வார நாளும் ஞாயிறும் சாப்பாடு பெரிதாக மாறுவதில்லை. படிக்க சுவாரசியமே இல்லாத பட்டியல், எனக்கு அதனால்தான் நம்பிக்கை வந்தது.

பேலியோ_பித்தன்:

சரி சரி, அரிசியை விட்டுவிடுகிறேன் (பேச்சில்). புரதம் விஷயத்தில் மட்டும் நர்ஸ் சிஸ்டர் என் கட்சி.

மீனா_கோவை:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, பிள்ளைகள் தட்டைப் பற்றிப் படித்ததும் சிரித்துவிட்டேன், நேற்றுக்கூட அப்படித்தான் ஒரு ஊத்தப்பத்தின் ஓரம் முழுக்க உள்ளே போனது. என் வீட்டுக்காரரை இந்தச் சனிக்கிழமை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போகிறேன், தைராய்டுக்கு நானும் கொடுத்துவிடுகிறேன். காளானுக்கு வெள்ளிக்கிழமை சரிப்படாது, அன்று அத்தை கோயிலுக்குக் கூட வருவார், வியாழன் வைத்துக்கொள்கிறேன்.

ஆவணியில் தொடர்ந்து கல்யாணங்கள் இருக்கின்றன, அதுவரைக்கும் 71 ஏறாமல் இருந்தால் போதும் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்கிறேன். சேலத்து அண்ணா, இடுப்பு அளவு எந்த இடத்தில் எடுக்க வேண்டும்? தையல் டேப் போதுமா? பாவாடை நாடா கட்டும் இடத்தில் எடுத்தால் ஒன்று வருகிறது, தொப்புள் மேல் எடுத்தால் வேறு வருகிறது.

சேலத்துக்காரன்:

தையல் டேப் தாராளமாகப் போதும், நைந்து இழுபடுகிற பழைய டேப்பாக மட்டும் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் கடைசி விலா எலும்பு எங்கே முடிகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள், கீழே இடுப்பு எலும்பின் மேல் விளிம்பையும் பாருங்கள், இரண்டுக்கும் நடு. நாடா கட்டும் இடம் வேண்டாம், அது ஆளுக்கு ஆள், புடவைக்குப் புடவை மாறும். காலையில் சாப்பிடுவதற்கு முன்னால், நேராக நின்று, டேப் தோலை அழுத்தாமல் சுற்றி, மூச்சைச் சாதாரணமாக விட்டதும் பாருங்கள். வயிற்றை எக்கக் கூடாது. நான் அளக்கும்போது என் மனைவி பக்கத்தில் நின்று கவனிப்பதே அதற்குத்தான்.