குழந்தைகள் நலக் குழு மேல குறை இருந்தா யார்கிட்ட போறது?

மேலூர்க்காரன்:
அக்கா மகள், ஒன்பது வயசு. அக்கா தவறினப்புறம் மச்சான் வேற மாவட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. அங்க பஸ் ஸ்டாண்டுல பிள்ளை தனியா நின்னிருக்கு. போலீஸ் அந்த மாவட்டத்துக் குழந்தைகள் நலக் குழுகிட்ட (ஆதரவில்லாத பிள்ளைங்க எங்க, யார்கிட்ட இருக்கணும்னு முடிவு பண்ற குழு) ஒப்படைச்சு, ஏழு மாசமா ஒரு குழந்தைகள் இல்லத்துல இருக்கு. எங்கம்மா மஞ்சப்பையில ரேஷன் கார்டு, அக்கா இறப்புச் சான்று, பிள்ளையோட பால்வாடி போட்டோ எல்லாம் வச்சுக்கிட்டு நாலு தடவை போயிருச்சு. மூணு தடவை "மெம்பர் வரல, அடுத்த வாரம் வாங்கம்மா". நாலாவது தடவை பத்து நிமிஷம் பாக்க விட்டாங்க. எழுத்துல ஒண்ணும் தரல.

எங்க ஊராட்சி ஆபீஸ் சுவத்துல நூறு நாள் வேலைக்குக் குறைதீர்ப்பாளர் நம்பர் பெயின்ட்ல எழுதியிருக்கு. பேங்குக்கும் ஒருத்தர் இருக்காரு. பிள்ளை விஷயத்துக்கு அப்படி யாரு?

தல்லாகுளம் அக்கா:
தம்பி, பாப்பா பேரு, போட்டோ எதையும் இங்க போட்டுறாதீங்க, சட்டப்படி தப்பு. நான் இல்லங்கள்ல பிள்ளைகளுக்குக் கவுன்சலிங் கொடுத்துட்டிருந்தவ.

அந்தப் பேர்ல இதுக்குத் தனி ஆள் கிடையாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, 27-ம் பிரிவுப்படி குழு மேல வர்ற குறையைக் கேட்கவேண்டியது கலெக்டர். 2021 திருத்தத்துல இதைத் தெளிவாவே எழுதிட்டாங்க. குழந்தைக்குச் சம்பந்தப்பட்ட யாரும் மனு கொடுக்கலாம், ரெண்டு தரப்பையும் கேட்டுத்தான் உத்தரவு போடணும். ஆனா நம்ம மதுரை கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை வரிசையில நின்னு பிரயோஜனமில்ல. குழு எந்த மாவட்டமோ அங்கதான் போகணும்.

அலையவிட்டது வேற, உத்தரவு வேற. குழு மாசம் 20 நாளாவது கூடணும். நாலு மாசத்துல விசாரிச்சு முடிவு சொல்லணும். இது ரெண்டும் கலெக்டர் மனுவுக்கு. பிள்ளையைத் தரமாட்டோம்னு உத்தரவே போட்டிருந்தா, 30 நாளுக்குள்ள குழந்தைகள் நீதிமன்றத்துல மேல்முறையீடு. போட்டாங்களா இல்லையான்னே உங்களுக்குத் தெரியல. அதனால முதல்ல உத்தரவு நகல் கேட்டு குழுகிட்ட எழுதிக் கொடுங்க, உங்க நகல்ல தபால் பிரிவு சீல் வாங்குங்க. நீங்க போன தேதி ஒவ்வொண்ணும் கலெக்டர் மனுவுல வரட்டும். "ரொம்ப அலைஞ்சோம்"னு எழுதினா ஒருத்தரும் படிக்கமாட்டாங்க.

முக்கியமானது 95-ம் பிரிவு. பிள்ளைக்கு நல்லதுன்னா சொந்த மாவட்டக் குழுவுக்கே மாத்தச் சொல்லலாம். வக்கீலுக்குச் செலவழிக்காதீங்க, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சட்டப் பணிகள் ஆணைக் குழுவுல இலவசம். அம்மா பேர்லயே கேளுங்க.

வைகைக்கரை:
அக்கா, குழந்தைகள் பாதுகாப்பு அலகும் (மாவட்டத்துல பிள்ளைங்க பாதுகாப்பு வேலையைப் பாக்குற ஆபீஸ்) கலெக்டருக்குக் கீழதானே? தன் வீட்டுச் சண்டைக்குத் தானே நாட்டாமை! வெளிய நிக்கிறதுன்னா சென்னையில இருக்கிற மாநில குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம். 2005 சட்டப்படி சிவில் கோர்ட் மாதிரி ஆளைக் கூப்பிடும், ஃபைலை வரவழைக்கும். ஆனா முடிவுல பரிந்துரைதான்.

என் சித்தி மகன் இங்கிலாந்துல இருக்கான். அங்க கவுன்சில்ல, அதாவது உள்ளாட்சில, புகார் கொடுத்து அது முடிஞ்சப்புறம்தான் குறைதீர்ப்பாளர்கிட்ட போகணும், பொதுவா 12 மாசத்துக்குள்ள. காசு கிடையாது. கோர்ட் தீர்ப்புல அவரும் கை வைக்கமாட்டாரு. மன்னிப்பு கேளு, நஷ்டத்தைச் சரிகட்டுன்னு சொல்லுவாரு, அதுவும் பரிந்துரைதான். என்ன, முடிவை ஊரறிய வெளியிட்டுருவாங்க.

தல்லாகுளம் அக்கா:
நாட்டாமை சரியில்லைன்னா ஆணையத்துக்கும் ஒரு நகல் ரிஜிஸ்டர் தபால்ல போகட்டும். ஆனா கலெக்டரை விட்டுட்டு நேரா அங்க போனா நாள்தான் போகும். பிள்ளை அங்க தனியா கெடக்கு, அதை மறக்காதீங்க.

மேலூர்க்காரன்:
மனுவை நேத்து கொடுத்துட்டோம் அக்கா. சீல் போட்ட நகலை அம்மா ரேஷன் கார்டு கவருக்குள்ளயே சொருகிருச்சு, என்கிட்டகூடத் தரல. 95-ஐ விசாரணையில சொன்னாப் போதுமா, தனியா எழுதணுமா?

தல்லாகுளம் அக்கா:
தனி மனுவா குழுவுக்கே எழுதுங்க. பாப்பா மேலூர்ல படிச்சதுக்குப் பள்ளிக்கூடத்துல சான்று வாங்கி வைங்க.