அப்பாவின் பழைய மாருதி ஜிப்ஸி வண்டி: கடலூர் ‘உப்பலவாடி வீடு’ வாட்ஸ்அப் குழுவிலிருந்து

2 பிப்ரவரி, ஞாயிறு

சரவணன் 8:12
ஜிப்ஸியின் தார்ப்பாயை எடுத்துவிட்டேன். ஃபெஞ்சல் வெள்ளம் வடிந்த பிறகு இரண்டு மாதமாக யாரும் தொடவில்லை. கதவின் கீழ்க்கீல் வரை சேற்றுக்கோடு. சீட்டுக்கு அடியில் ஒரு தவளைக் குடும்பம்.
[படம்]

சித்தப்பா 8:20
இரும்புக்கடைக்காரர் நேற்றும் கேட்டார். நாற்பதாயிரம் தருவாராம்.

அம்மா 8:21 (குரல் செய்தி)
தம்பி, அந்தப் பேச்சே வேண்டாம். அது ஓடினாலும் ஓடாவிட்டாலும் வாசலில் நிற்கட்டும். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு அதில்தான் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

விஜயா 8:25
அம்மா, மாசி மகத்துக்கு இன்னும் 38 நாள்தான் இருக்கிறது.

தினேஷ் 8:31
அண்ணா, சாவியைத் தொடாதீர்கள். தண்ணீர் எது வரை ஏறியது என்று முதலில் சொல்லுங்கள். ஆயில் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள்.

சரவணன் 8:44
ஸ்டிக்கில் கறுப்பாகத்தான் இருக்கிறது. தண்ணீர் கலந்த மாதிரி இல்லை. ஏர் ஃபில்டரும் காய்ந்திருக்கிறது. இன்ஜின் தப்பித்தது என்று நினைக்கிறேன்.

தினேஷ் 8:47
இன்ஜின் தப்பித்தாலும் கீழே இருப்பது தப்பித்திருக்காது. இரண்டு ஆக்சிலும் தண்ணீருக்குள் நின்றிருக்கின்றன. ஆக்சில் நடுவில் இருக்கிற கிரவுன் பெட்டியின் ஆயிலைத் திறந்து பாருங்கள். கியர்பாக்ஸையும், முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கவின் 9:02
மாமா, நான் வரட்டுமா? வீடியோ எடுக்கலாம்.

சரவணன் 9:03
வா. கேமராவோடு பழைய சட்டையும் எடுத்துக்கொண்டு வா.

சரவணன் 12:40
தினேஷ் சொன்னது சரி. பின் கிரவுனில் போல்ட்டைக் கழற்றியதும் முதலில் அரை டம்ளர் தண்ணீர், அப்புறம் ஃபில்டர் காப்பி. அந்த நிறம்தான், அந்தக் கெட்டிதான். முன் கிரவுனும் அப்படியே. டிரான்ஸ்ஃபர் கேஸில் கொஞ்சம். கியர்பாக்ஸ் மட்டும் சுத்தம்.
[படம்]

விஜயா 12:46
இந்தப் படத்தைச் சாப்பிடும் நேரத்திலா அனுப்புவது?

கவின் 12:50
மூடியிருக்கிற இரும்புக்குள் தண்ணீர் எப்படிப் போகும்?

தினேஷ் 12:58
முழுக்க மூடியிருக்காது. ஓடினால் ஆயில் சூடாகும், உள்ளே இருக்கிற காற்று விரியும். அது வெளியே போக மேலே ஒரு சின்ன மூச்சுக்குழாய் உண்டு. வண்டியைத் தண்ணீருக்குள் நிறுத்தினால் உள்ளே இருக்கிற காற்று குளிர்ந்து சுருங்கி, அதே வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆக்சில் முனையில் இருக்கிற ஆயில் சீல் தேய்ந்திருந்தால் அது இன்னொரு வாசல். அண்ணா, புது 90 கியர் ஆயிலை இப்போதே ஊற்றிவிடாதீர்கள். மலிவான ஆயிலை ஊற்றி, சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றி, வடித்துவிட்டு அப்புறம் நல்லதை ஊற்றுங்கள். மூச்சுக்குழாயில் நீளமான ரப்பர் டியூபைச் செருகி மேலே கட்டிவிடுங்கள்.

சித்தப்பா 13:05
இதையெல்லாம் அண்ணன் இருக்கும்போதே செய்திருக்கலாம்.

அம்மா 13:06
தம்பி!

9 பிப்ரவரி, ஞாயிறு

சரவணன் 7:30
இந்த வாரக் கணக்கு. டேங்கிலிருந்த பெட்ரோல் வார்னிஷ் வாசனை அடித்தது, கொட்டிவிட்டேன். கார்புரேட்டரைப் பக்கத்துத் தெரு மெக்கானிக் பாய் பிரித்துக் கழுவித் தந்தார். ஜெட் துளை இரண்டும் அடைத்திருந்தன. பெட்ரோல் ஹோஸ் எல்லாம் விரலால் வளைத்தாலே வெடிக்கிறது. இது 98 மாடல், இன்றைக்குப் பங்கில் வரும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அந்த ரப்பர் தாங்காது என்றார். புதிது மாற்றியாயிற்று. டைமிங் பெல்ட்டும் மாற்றியாயிற்று.

விஜயா 7:41
பெட்ரோல் இங்கே பாண்டியில் போட்டுக்கொள். விலை குறைவு.

சரவணன் 7:42
வண்டி பாண்டி வரை வரட்டும் அக்கா.

சரவணன் 11:15
ஸ்டார்ட் ஆகிவிட்டது!!
[வீடியோ]
பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு மூடி ஆயில் விட்டு, ஸ்பானர் போட்டுக் கையாலேயே நாலு சுற்று சுற்றினேன். அப்புறம்தான் செல்ஃப். மூன்றாவது முயற்சியில் பிடித்தது. முதலில் ஒரே புகை, ஐந்து நிமிடத்தில் அடங்கியது.

அம்மா 11:17 (குரல் செய்தி)
சத்தம் கேட்டுச் சமையலறையிலிருந்து ஓடி வந்தேன். குழம்பு தீய்ந்துவிட்டது. பரவாயில்லை.

கவின் 11:20
நாளைக்கே சில்வர் பீச்சுக்கு விடலாம் மாமா! மணலில் 4×4 (நாலு சக்கரமும் இழுக்கிற மாதிரி) போட்டால் வீடியோ வேற லெவல்.

சித்தப்பா 11:26
டேய், தை மாசியில் ஆமை கரையேறி முட்டையிடும். வனத்துறை ஆட்கள் ராத்திரி முழுக்க நடந்து முட்டை பொறுக்கிப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். அதன்மேல் நீ வண்டி ஏற்றுவாயா? போலீஸும் சும்மா விடாது. மணல்தான் வேண்டுமென்றால் தாழங்குடாவில் நம் சவுக்குத்தோப்பு இருக்கிறது. அங்கே வந்து புதைத்துக்கொள்.

தினேஷ் 11:30
பிரேக் பிடிக்கிறதா அண்ணா?

சரவணன் 11:34
அதற்குத்தான் வருகிறேன். பெடல் தரை வரை போகிறது.

தினேஷ் 11:35
அப்படியென்றால் வாசலைத் தாண்டாதீர்கள்.

விஜயா 11:40
இன்ஷூரன்ஸ் 3ஆம் தேதியே முடிந்துவிட்டது. வாசலைத் தாண்டவே கூடாது. ஆர்.சி. 2028 வரை இருக்கிறது, அதில் கவலை இல்லை. புகைச் சான்றும் எடுக்க வேண்டும்.

16 பிப்ரவரி, ஞாயிறு

சரவணன் 17:50
பின் சக்கரம் இரண்டிலும் வீல் சிலிண்டர் துருப்பிடித்து இறுகிவிட்டது. மாஸ்டர் சிலிண்டருக்குப் புது ரப்பர் கிட் போட்டோம். பிரேக் ஆயில் டீ டிகாஷன் மாதிரி வந்தது. அது தானாகவே ஈரத்தை உறிஞ்சுமாம், வெள்ளத்தில் நிற்க வேண்டிய அவசியம்கூட இல்லை. பிரேக் குழாயில் சிக்கிய காற்றை எடுக்கக் கவினைப் பெடல் மிதிக்க உட்கார வைத்தேன். தூரத்தில் இருக்கிற பின் இடது சக்கரத்திலிருந்து தொடங்கி நாலும் முடிக்க ஒன்றரை மணி நேரம்.

கவின் 17:54
‘மிதி, பிடி, விடு’ என்று இன்று மட்டும் 200 தடவை கேட்டேன். கனவிலும் வரும்.

தினேஷ் 18:10
டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், படம் அனுப்புங்கள்.

சரவணன் 18:16
1416.

தினேஷ் 18:18
2016ஆம் வருடம் 14ஆவது வாரம். மேலே பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பருக்கு ஒன்பது வயது. தோப்புக்குள் ஓட்டலாம். அம்மாவை உட்கார வைத்து ரோட்டில் ஓட்டுவதற்கு முன் மாற்றுங்கள்.

சரவணன் 18:20
அதற்கு ஒரு மாதச் சம்பளம் போகும்டா.

விஜயா 18:31
பாதி நான் தருகிறேன். இன்ஷூரன்ஸும் போட்டுவிட்டேன், தேர்ட் பார்ட்டி. பாலிசியைக் குழுவில் போட வேண்டாம், தனியாக அனுப்புகிறேன்.

23 பிப்ரவரி, ஞாயிறு

சரவணன் 6:40
நானும் கவினும் தோப்புக்குக் கிளம்புகிறோம். பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. முப்பதில் நேராக நிற்கிறது, இழுக்கவில்லை.

கவின் 6:42
இங்கிருந்தே 4H, அதாவது நாலு சக்கர இழுவை, போட்டுக்கொண்டு போகலாமா?

தினேஷ் 6:45
கூடாது. வளைவில் முன் சக்கரம் ஓடும் தூரம் வேறு, பின் சக்கரம் ஓடும் தூரம் வேறு. ஜிப்ஸியில் அந்த வித்தியாசத்தைச் சமாளிக்க இரண்டுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. மணலிலும் சேற்றிலும் டயர் சறுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தார் ரோட்டில் சறுக்காது, அந்த முறுக்கம் முழுவதும் ஷாஃப்டிலும் கியரிலும் ஏறும். லிவரே மாட்டிக்கொண்டு வராது. தோப்பு வாசலில் நிறுத்தி, டயர் காற்றை 18 psiக்கு இறக்கி, முன் ஹப் (சக்கரத்தை ஷாஃப்டோடு பூட்டும் நடுக்குமிழ்) இரண்டையும் LOCKக்குத் திருப்பி, அப்புறம் போடுங்கள்.

சித்தப்பா 6:47
டிராக்டரில் டீசல் இருக்கிறதா என்று பார்த்து வைக்கிறேன்.

சரவணன் 6:48
நம்பிக்கை வையுங்கள் சித்தப்பா.

சித்தப்பா 8:05
[படம்]
புதைந்துவிட்டது.

விஜயா 8:06
யாருக்கும் ஒன்றும் இல்லையே?

சித்தப்பா 8:07
ஒன்றும் இல்லை. உன் தம்பி முகம்தான் சரியில்லை.

சரவணன் 8:30
இழுத்தாயிற்று. ஹப் இரண்டையும் நானே திருப்பினேன். லிவர் 4Hஇல் விழுந்தது, விளக்கு எரிந்தது. மெதுவான, பலம் கூடிய 4L போட்டும் பின் சக்கரம் மட்டும்தான் மணலைத் தோண்டியது. முன் சக்கரம் இரண்டும் பேசாமல் நின்றன. டிரான்ஸ்ஃபர் கேஸே போய்விட்டதோ? அப்படியானால் இத்தோடு நிறுத்திவிடலாம் என்று இருக்கிறது.

கவின் 8:33
நான் கீழே படுத்து எடுத்த வீடியோ இருக்கிறது.
[வீடியோ]

தினேஷ் 8:52
மூன்று தடவை பார்த்தேன். 14ஆவது நொடியில் நிறுத்துங்கள். முன்பக்கம் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் சுற்றுகிறது. அதனால் டிரான்ஸ்ஃபர் கேஸ் நன்றாக இருக்கிறது. சக்தி முன் கிரவுன் வரை வருகிறது, சக்கரத்துக்குப் போகவில்லை. ஒரு ஹப் பிடிக்கவில்லை.

சரவணன் 8:55
ஒன்று பிடிக்காவிட்டாலும் இன்னொன்று இழுக்க வேண்டாமா?

தினேஷ் 9:03
இழுக்காது. கிரவுனுக்குள் இருப்பது சாதாரண டிஃபரன்ஷியல். எந்தப் பக்கம் எதிர்ப்பு இல்லையோ அந்தப் பக்கமே சுற்றிவிடும். பிடிக்காத ஹப் பக்கம் உள்ளே ஷாஃப்ட் மட்டும் வெறுமனே சுற்றும், பிடித்த பக்கம் அசையாது. ஒரு ஹப் போனால் முன்பக்கம் முழுவதும் போன மாதிரிதான். வீட்டுக்கு வந்து இன்ஜினை அணைத்து, கியரிலும் 4Hஇலும் போட்டு, முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்குங்கள். பின் சக்கரத்துக்குக் கட்டை வைக்க மறக்காதீர்கள், ஹேண்ட்பிரேக்கை நம்பாதீர்கள். இடது சக்கரத்தைக் கையால் சுற்றினால் வலது எதிர்த்திசையில் சுற்ற வேண்டும்.

சரவணன் 11:20
சுற்றவில்லை. இடது சுற்றுகிறது, வலது சும்மா நிற்கிறது.

அம்மா 11:24 (குரல் செய்தி)
என்ன சுற்றவில்லை? முன் சக்கரத்தின் நடுவில் இருக்கிற திருகாணியா? உங்கள் அப்பா மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை காலையில் குனிந்து இரண்டு பக்கமும் அதைத் திருகிவிட்டு நெல்லிக்குப்பம் வரை போய்த் திரும்பி வருவார். வந்து மறுபடியும் திருகுவார். எதற்கு வெட்டியாகப் பெட்ரோலைச் செலவழிக்கிறீர்கள் என்று நான்தான் திட்டுவேன். இறுகிப்போகும் என்பார். கடைசி நாலு வருடம் முட்டி வலியில் குனியவில்லை.

தினேஷ் 11:31
பெரியம்மா, அதேதான். மாதம் பத்து கிலோமீட்டர் ஹப்பைப் பூட்டி ஓட்டினால் உள்ளே ஆயிலும் கிரீஸும் ஓடும். தார் ரோட்டில் ஹப் மட்டும் பூட்டியிருந்தால் தவறில்லை, லிவர் 2Hஇல் (பின் சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) இருக்க வேண்டும். பெரியப்பா விவரம் தெரிந்துதான் செய்திருக்கிறார்.

சித்தப்பா 11:33
நாங்களெல்லாம் அண்ணன் பொழுதுபோகாமல் செய்கிறார் என்றுதான் நினைத்தோம்.

சரவணன் 16:10
வலது ஹப்பின் ஆறு போல்ட்டையும் கழற்றினேன். உள்ளே கிரீஸ் துணி சோப்பு மாதிரி உறைந்து வெள்ளத்துச் சேற்றோடு சேர்ந்திருக்கிறது. வெளியே குமிழ் LOCKக்குத் திரும்புகிறது, உள்ளே வளையம் நகரவே இல்லை. பெட்ரோலில் ஊறப் போட்டிருக்கிறேன். பல் எதுவும் உடையவில்லை.
[படம்]

தினேஷ் 16:15
திரும்ப மாட்டும்போது கிரீஸை அள்ளிப் பூசாதீர்கள், மெல்லிய பூச்சு போதும். நிறைய வைத்தால் மறுபடி வளையம் நகராது. காகித கேஸ்கெட்டை நான் சென்னை புதுப்பேட்டையில் வாங்கி வருகிறேன். இடதையும் திறந்து பாருங்கள்.

2 மார்ச், ஞாயிறு

கவின் 7:48
[வீடியோ]
அதே குழி. அதே இடம். ஏறிவிட்டது!!

சித்தப்பா 7:50
நான் பார்த்தேன். நாலு சக்கரமும் மணலை வாரி வீசின. டிராக்டரை ஷெட்டிலிருந்து எடுக்கவே இல்லை.

விஜயா 7:55
சரவணா, வாழ்த்துகள். அழுகையாக வருகிறது.

சரவணன் 8:20
ஒரே ஒரு விஷயம். ஐம்பதைத் தாண்டினால் ஸ்டியரிங் கை நடுங்குகிற மாதிரி ஆடுகிறது. முன் சக்கரம் திரும்புகிற இடத்தில் இருக்கிற கிங்பின் பேரிங் தேய்ந்திருக்கும் என்கிறார் பாய். இந்த வாரம் அதைப் பிரிக்கிறேன். புது டயர் புதன்கிழமை வருகிறது.

தினேஷ் 8:24
இரண்டையும் முடிக்காமல் நாற்பதைத் தாண்டாதீர்கள்.

அம்மா 8:30 (குரல் செய்தி)
நாற்பது போதும். தேவனாம்பட்டினம் ஒன்றும் டெல்லி இல்லை. வண்டி ரோட்டிலேயே நிற்கட்டும், மணலில் நான் நடந்துகொள்கிறேன். முன் சீட்டு எனக்கு. பின் சீட்டில் உட்கார்ந்தால் இடுப்பு போய்விடும் என்று கல்யாணமான புதிதிலிருந்தே தெரியும்.

கவின் 8:32
ஆயா, ஜிப்ஸி 98இல்தானே வந்தது?

அம்மா 8:34 (குரல் செய்தி)
அதற்கு முன்னால் ஒரு ஜீப் இருந்ததுடா. அதை உன் தாத்தா விற்ற கதையைச் சரவணனிடம் சொல்லாதே, தேடிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

சரவணன் 8:35
யாருக்கு விற்றார்?