பிரைவேட் ஸ்கூல் பி ப்ளஸ்: கலிஃபோர்னியாவில் எங்கள் அட்மிஷன் அனுபவம்

பிள்ளையைப் பிரைவேட் ஹைஸ்கூலில் சேர்த்துவிட்டு முதல் ரிப்போர்ட் கார்டைப் பார்த்துக் கலங்கிப்போகிற பெற்றோருக்காக எழுதுகிறேன். நாங்கள் பே ஏரியாவில் இருக்கிறோம், மகள் போன வருஷம்தான் ஸ்கூல் முடித்தாள்.

எட்டாம் வகுப்பு வரை ஏ மட்டுமே வாங்கிய பெண்ணுக்கு, ஒன்பதாம் வகுப்பு முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் பி ப்ளஸ், உயிரியலில் பி. இத்தனை ஃபீஸ் கட்டுவது பி வாங்கவா என்று என் கணவருக்குக் கோபம். அதே வாரம் பப்ளிக் ஸ்கூலில் படிக்கும் பையனின் அப்பா ஒருவர், தன் மகனுக்கு ஜிபிஏ, அதாவது ஏ-வுக்கு 4, பி-க்கு 3 என்று போடும் மார்க் சராசரி, 4.5 என்று சொல்லிவிட்டுப் போனார். நாலுக்கு மேல் எப்படி வரும் என்றே அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. ஏபி (காலேஜ் தரத்துப் பாடம்), ஹானர்ஸ் (வழக்கத்தைவிடக் கடினமான பாடம்) ஆகியவற்றுக்குக் கூடுதல் புள்ளி சேர்த்துக் கணக்கிடுவது வெயிட்டட் ஜிபிஏ. எங்கள் ஸ்கூல் அப்படிச் சேர்ப்பதில்லை, ரேங்க்கும் போடுவதில்லை.

நேராக, காலேஜ் விண்ணப்பங்களுக்கு வழிகாட்டும் ஸ்கூல் கவுன்சிலரைப் போய்ப் பார்த்தோம். அவர் எடுத்துக் காட்டியது ஸ்கூல் ப்ரொஃபைல் என்ற சில பக்கத் தாள். என்னென்ன பாடம் இருக்கிறது, ஏபி எந்த வகுப்பிலிருந்து எடுக்கலாம், ஒவ்வொரு பாடத்திலும் எத்தனை பேர் ஏ, எத்தனை பேர் பி என்று அதில் இருந்தது. உயிரியலில் ஏ வாங்கியவர்களே கொஞ்சம் பேர்தான்! பல காலேஜ்களுக்கும் பொதுவான காமன் ஆப் என்ற விண்ணப்பம் வழியாக விண்ணப்பிக்கும்போது ட்ரான்ஸ்கிரிப்ட்டோடு (ஸ்கூல் தரும் மார்க் பட்டியல்) இந்தத் தாளும் கவுன்சிலரின் கடிதமும் சேர்ந்தே போகின்றன, அதனால் அந்த பி எப்படிப்பட்ட வகுப்பில் வந்தது என்பதும், கிடைத்த பாடங்களில் கடினமானதை எடுத்தாளா, எளிதானதை எடுத்தாளா என்பதும் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் காலேஜ்காரர்களுக்குத் தெரியும். ஊரில் ப்ளஸ் டூ மார்க், கட் ஆஃப் என்றே வளர்ந்த எங்களுக்கு இது பிடிபடக் கொஞ்ச காலம் ஆனது.

ஆனால் இதோடு நிம்மதியாகிவிடாதீர்கள். யூசிக்கு, அதாவது அரசின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு, வேறு கணக்கு. இதை எனக்குச் சொன்னது, மகனைப் பிரைவேட் ஸ்கூலில் படிக்க வைத்த ஒரு அக்கா. "கவுன்சிலர் லெட்டரை நம்பி உட்கார்ந்திராதே, யூசிக்கு அது போகவே போகாது" என்றார். உண்மைதான். மார்க்கை நாமே யூசி விண்ணப்பத்தில் நிரப்ப வேண்டும், ட்ரான்ஸ்கிரிப்ட் கேட்பது இடம் கிடைத்த பிறகுதான். ஜிபிஏவையும் அவர்களே புதிதாகப் போடுகிறார்கள்: பத்து, பதினொன்று இரண்டு வகுப்பு மார்க் மட்டும். ஒன்பதாம் வகுப்பு அந்தக் கணக்கில் வராது, ஆனால் சி அல்லது அதற்கு மேல் வாங்கியிருக்க வேண்டும், மார்க்கும் அவர்கள் கண்ணில் படும். ஹானர்ஸ் கூடுதல் புள்ளிக்கு எட்டு செமஸ்டர் என்று உச்சவரம்பு உண்டு, ஆகவே அந்த 4.5ஐ அப்படியே எடுத்துக்கொள்வதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம், யூசி ப்ளஸ் மைனஸைப் பார்ப்பதில்லை. ஏ மைனஸ் என்றால் 4, பி ப்ளஸ் என்றால் 3. எல்லாப் பாடத்திலும் ஏ மைனஸ் வாங்கும் பிள்ளைக்கு ஸ்கூல் கணக்கில் 3.7, யூசி கணக்கில் 4.0. எல்லாமே பி ப்ளஸ் என்றால் ஸ்கூலில் 3.3, யூசியில் கூடுதல் புள்ளி சேர்க்காமல் 3.0. கலிஃபோர்னியா மாணவர்கள் யூசிக்குத் தகுதி பெறவே குறைந்தபட்சம் 3.0 வேண்டும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இது தெரிந்த பிறகு மகள் பத்தாம் வகுப்பில் செய்த நல்ல காரியம், செமஸ்டர் பாதியிலேயே பி ப்ளஸ்ஸில் நிற்கும் பாடத்தின் ஆசிரியரிடம் போய், ஏ மைனஸுக்கு இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டது. ஆசிரியர்கள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். சின்ன வகுப்புகளுக்குத்தானே அந்த ஃபீஸ், அதைப் பயன்படுத்தத்தான் வேண்டும்.

காலேஜ் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வு பற்றியும் குழப்பம் இருக்கும். யூசி அதைப் பார்ப்பதே இல்லை. எம்ஐடி 2022இல் மறுபடி கட்டாயமாக்கியது, வேறு சில காலேஜ்களும் பின்னால் அப்படியே செய்தன. மார்க்கைக் கறாராகப் போடும் ஸ்கூலில் படிக்கிற பிள்ளைக்கு நல்ல எஸ்ஏடி உதவும் என்பது என் அபிப்பிராயம்.

அப்புறம், போன வருஷம் யார் யார் எந்த காலேஜ் போனார்கள் என்று ஸ்கூல் காட்டும் பட்டியல். அதைப் பார்த்து நம் பிள்ளைக்கும் அதே இடம் என்று எதிர்பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். விளையாட்டுக்காக எடுக்கப்பட்டவர் யார், பெற்றோர் படித்த காலேஜுக்கே போனவர் யார் என்று அதில் இருக்காது. எங்கள் கவுன்சிலர் இதை வெளிப்படையாகச் சொன்னார், அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை. மகள் ஆசைப்பட்ட முதல் இடம் கிடைக்கவில்லை, இரண்டு நாள் அழுதாள். இப்போது ஒரு யூசியில் இருக்கிறாள், பாடம் சுலபமாக இருக்கிறது என்கிறாள்.

எட்டாம் வகுப்பில் ஸ்கூல் தேடுகிறவர்கள் ஓப்பன் ஹவுஸுக்குப் போனால் ப்ரொஃபைலைக் கேட்டு வாங்குங்கள், நிறைய ஸ்கூல்கள் இணையதளத்திலேயே போட்டிருக்கும். ஏபி இல்லாத ஸ்கூல் என்றால், அவர்களுடைய எந்தெந்தப் பாடத்தை யூசி ஹானர்ஸாக ஏற்றிருக்கிறது என்றும் கேளுங்கள், யூசியின் தளத்தில் ஸ்கூல் பெயரைப் போட்டாலே அந்தப் பட்டியல் வரும்.