விளக்குப்பொறியா, விளக்குத்திரையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இரவில் வெள்ளைத் துணியைக் கட்டி, அதன் முன் புற ஊதா விளக்கையோ பாதரச ஆவி விளக்கையோ எரியவிட்டு, வந்தமரும் அந்துப்பூச்சிகளைப் படமெடுத்து இனங்காண்கிறோமே, அந்தத் துணிக்கு ஒரு கலைச்சொல் கேட்டிருந்தீர்கள். விளக்குப்பொறி, ஒளிக்கவர் திரை, விட்டில் திரை என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. பெங்களூரிலிருந்து கோடை விடுமுறையில் கனகபுராவை ஒட்டிய சிற்றூர்களுக்குச் சென்று இதைச் செய்துவரும் தமிழர்களுள் ஒருவன் என்ற முறையில் என் கருத்தை எழுதுகிறேன்.

விளக்குப்பொறி வேளாண்மையில் ஏற்கெனவே வேரூன்றிய சொல். மழை பெய்ததும் மண்ணிலிருக்கும் கூட்டுப்புழுக்களிலிருந்து சிவப்புக் கம்பளிப்புழுவின் தாய்ப்பூச்சிகள் வெளிவரும்போது, அவை முட்டையிடுமுன் அழிப்பதற்காக நிலக்கடலை உழவர்கள் வைப்பது அது. பொறி என்றாலே அகப்படுத்துவது என்றுதான் பொருள். நம் துணியில் அமரும் பூச்சியோ விளக்கை அணைத்ததும் தன் வழியே போய்விடுகிறது. படத்தை மட்டும் வைத்து இனம் பிரிக்க முடியாத சிறு பூச்சிகள் ஏராளம் என்பதால், அவற்றைச் சேகரித்து உடற்கூறு பார்க்கும் ஆய்வாளர்களுக்குப் பொறி தேவைப்படும். ஆகவே அச்சொல்லை அவர்களுக்கே விட்டுவிடுவது நல்லது.

ஒளிக்கவர் திரை என்பதை நான் முற்றிலும் மறுக்கிறேன். ஒளி பூச்சியைக் கவர்கிறது என்ற பழைய கருத்து அச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. பூச்சிகளின் பறத்தலை அதிவேகப் படக்கருவிகளால் பதிவுசெய்து 2024இல் வெளியான ஓர் ஆய்வு வேறொன்றைக் காட்டியது. பறக்கும் பூச்சி தன் முதுகை வெளிச்சம் மிகுந்த பக்கம் திருப்பிக்கொள்ளும். இயற்கையான இரவில் அந்தப் பக்கம் வானம் என்பதால் அது நிலை தவறாமல் பறக்கிறது. அருகே விளக்கு எரிந்தால் முதுகை அதன்பால் சாய்த்து, விலக முடியாமல் அதையே சுற்றுகிறது. அறிவியல் கைவிட்டுவரும் விளக்கத்தைப் புதுச்சொல்லில் பதிப்பானேன்?

விட்டில் திரை கேட்க இனியது. ஆனால் விட்டில் என்ற சொல்லுக்கு அகராதிகள் வெட்டுக்கிளி என்றும் பொருள் தருகின்றன. துணிக்கு வருபவையும் அந்துப்பூச்சிகள் மட்டுமல்ல. வண்டுகளும் தத்துப்பூச்சிகளும் அமர்கின்றன, அவற்றைத் தின்னக் கும்பிடுபூச்சியும் பல்லியும் காத்திருக்கின்றன. புணர்ச்சி விதிப்படி எழுதினால் விட்டிற்றிரை என்றாகும்; புலவர்கள் மகிழலாம், வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

எனவே விளக்குத்திரை என்ற சொல்லை முன்வைக்கிறேன். ஒளித்திரை என்றால் கைப்பேசியின் முகப்பு நினைவுக்கு வந்துவிடும்.

மறுமொழி:

ஐயா, பொறி வேண்டாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் விளக்குத்திரை என்றால் விளக்கை மறைக்கும் திரை என்றல்லவா புதியவர்கள் கொள்வார்கள்? உங்கள் ஊர்க் கன்னடத்தில் அந்துப்பூச்சியைப் பதங்க என்கிறார்கள். பதங்கம் நமக்கும் பழக்கமான வடிவம். பதங்கத்திரை ஆகாதா?

மறுமொழி:

அம்மா, பதங்கத்தை நானும் எண்ணிப் பார்த்தேன். திண்மம் உருகாமல் நேரே ஆவியாவதைப் பதங்கமாதல் என்று வேதியியல் எடுத்துக்கொண்டுவிட்டது. பள்ளி மாணவர் பதங்கத்திரை என்று கேட்டால் கற்பூரத்தைத்தான் நினைப்பார். அந்துப்பூச்சித்திரை என்றால் நீளம். அத்துடன், வண்டுகளையும் தத்துப்பூச்சிகளையும் விலக்கிவிடும் குறை அதற்கும் உண்டு.

விளக்கை மறைக்கும் திரை என்ற ஐயம் நியாயமானதே. எனினும் அச்சொல் வினையோடு வரும்போது குழப்பம் நீங்கிவிடும் என்று கருதுகிறேன். ‘தோட்டத்து மாமரத்தடியில் விளக்குத்திரை கட்டினோம்’ என்று எழுதினால் யாரும் விளக்கை மூடியதாகக் கொள்ளமாட்டார்கள். நிலவொளியில் வரவு குறையும் என்பதால் அமாவாசையை ஒட்டிய இரவுகளையே தேர்கிறோம். ஆகவே களக்குறிப்பில் ஊர், நாள், நேரம், நிலவின் நிலை, விளக்கின் வகை ஆகியவற்றுடன், பூச்சி செடியில் கண்டதா விளக்குத்திரையில் கண்டதா என்பதையும் எழுத வேண்டியிருக்கிறது. இரண்டையும் பிரித்தெழுதாவிட்டால், திரையருகே நின்ற செடியை அப்பூச்சியின் உணவுச்செடி என்று பின்னால் வருபவர் எண்ணிவிடக்கூடும்.

சொற்பட்டியலுக்கு இவ்வரையறையைப் பரிந்துரைக்கிறேன்: விளக்குத்திரை – இரவுப்பூச்சிகள் வந்தமர்வதற்காக, எரியும் விளக்கின் அருகே விரித்துக் கட்டப்படும் வெளிர்நிறத் துணி.