அக்காவுக்குக் கை வீக்கம்: பாம்பன் பக்கம் யாராவது இருக்கீங்களா?

என் அக்காவுக்கு 47 வயது. பாம்பன் சின்னப்பாலம். கடலில் முங்கிப் பாசி எடுப்பதுதான் தொழில். மார்பகப் புற்றுநோய்க்காகப் போன வருஷம் மதுரையில் இடது மார்பையும் அக்குள் நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) எல்லாம் முடிந்து ஏழு மாதம் ஆகிறது.

இரண்டு மாதமாக இடது கை வீங்குகிறது. காலையில் குறைவு, சாயங்காலம் வளையல் ஏறாது. காய்ச்சல், சிவப்பு இல்லை. நிணநீர் வடியாமல் தேங்குவதால் வருகிறது என்றார் டாக்டர்.

இறுக்கிப் பிடிக்கும் கை உறை போட்டோம். உப்புக்காற்றிலும் வெக்கையிலும் அரிக்கிறது, கழற்றிவிடுகிறாள். சொல்லிக்கொடுத்த பயிற்சி செய்கிறோம். படுக்கும்போது கையைத் தலையணை மேல் வைக்கிறோம். அந்தக் கையில் ஊசியோ பிரஷரோ பார்க்க விடுவதில்லை. பாறை கீறினால் கிருமி ஏறும் என்று கடலுக்கும் விடவில்லை. அதில்தான் உடைந்துபோனாள். முடி கொட்டியபோதுகூட அழாதவள். அப்போதெல்லாம் கூடப் பாசி எடுக்கும் பெண்கள் முறைவைத்து மதுரை பஸ்ஸில் துணைக்கு வந்தார்கள், ஒரு தடவைகூடத் தனியாக அனுப்பவில்லை. ஆனாலும் மறுபடி வேலைக்குப் போக முடியும் என்று இதையே அனுபவித்த ஒருத்தி சொன்னால்தான் அவள் நம்புவாள்.

மண்டபம், ராமநாதபுரம், கீழக்கரை பக்கம் இந்த வீக்கத்தோடு மறுபடி வேலைக்குப் போன அக்காமார் யாராவது அவளிடம் பேசுவீர்களா?